ஒரு சுற்றுக்கு ஒரு சாண்

சரவணன் கேட்டது ஒரே ஒரு பக்கம். ஜங்ஷன் ரோட்டில் நான் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்த டயர் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். பழைய முதலாளியின் மகன். கடையில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். வண்டியின் பெயரைத் தட்டினால் திரையில் வண்டி வரும். டயரைத் தட்டினால் அது போய் வண்டியில் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு பெரிய டயரைத் தட்டினாலும் அந்தத் திரையில் எதுவும் எதோடும் உரசாது. அங்கே உரசாத டயர் கம்மாபுரம் ரோட்டுத் திருப்பத்தில் உரசுகிறதென்று வாரத்துக்கு இரண்டு பேராவது திரும்பி வந்து சண்டை போடுகிறார்களாம்.

"அண்ணே, நீங்க அந்த மண்ணு வச்சுப் பாப்பீங்கல்ல, அத ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்கண்ணே. ஃப்ரேம் போட்டு மாட்டிடறேன்" என்றான்.

எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்குகிற சங்கதியா அது?

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் கோதண்டம். பத்தாவது ஃபெயிலானதும் அப்பா என்னைக் கொண்டுபோய் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் விட்டார். விருத்தாசலத்தில் படிப்பு ஏறாதவனுக்கு அப்போது அதுதான் அடுத்த வகுப்பு. பொம்மைக்குக் கண் வைக்கிற வேலை. எட்டு மாதம் வைத்தேன். நான் கண் வைத்த பிள்ளையார் எல்லாம் யாரையோ முறைத்துக்கொண்டே இருந்தார். "தம்பி, உன் கைக்கு இன்னும் பெரிய சாமானா பாரு" என்று அனுப்பிவிட்டார்கள். டயரைவிடப் பெரிய சாமான் எனக்குக் கிடைக்கவில்லை. கடையில் முதல் மூன்று வருடம் நட்டு கழற்றினேன், பஞ்சர் தொட்டித் தண்ணீரில் முகம் பார்த்துத் தலை சீவினேன். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

தொழில் கற்றுக்கொண்டது சூசை மேஸ்திரியிடம். சித்திரை வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். வருகிறவர் லாரி கிளீனராக இருந்தாலும் பெரிய ஆபீசராக இருந்தாலும் அவருக்கு 'ஐயா'தான். என்னை மட்டும் 'கோதண்டா' என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஃபோர் வீல் வண்டிக்காரர்கள் பெரிய டயர் வேண்டும், அகலமான ரிம் வேண்டும் என்று வந்து நின்றால் மேஸ்திரி ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. மூன்று கேள்வி கேட்பார்.

"எங்க போவீங்க ஐயா? யாரு ஏறுவாங்க? என்ன ஏத்துவீங்க?"

முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "காடு மலைன்னு போவோம் மேஸ்திரி."

"எந்த மலைங்க ஐயா?"

அத்தோடு பேச்சு நின்றுவிடும். பெயரில்தான் எங்கள் ஊருக்கு மலை. பழமலை நாதர் இருக்கிறார், மலையைக் காணோம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் உயரமானது ரயில்வே மேம்பாலம்தான். அதில் டவுன் பஸ்ஸே ஏறுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடச் சொல்வார். பெரிய டயர் போட்டால் படி எந்த உயரத்துக்கு வருமோ அந்த உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, "அம்மா, ஒருதடவ ஏறிப் பாருங்க" என்பார். அந்த அம்மா புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்ப்பார், பிறகு புருஷனைப் பார்ப்பார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். முதலாளிக்கு வயிறு எரியும். ஆனாலும் மேஸ்திரியை எதிர்த்துப் பேச அவருக்கும் பயம்.

பலகையில் தப்பித்து வந்தவர்களுக்குத்தான் மண். சரவணா, இங்கிருந்து நன்றாகக் கவனி.

மண் என்றால் வயல் களிமண் இல்லை. பீங்கான் கம்பெனியில் அரைத்துச் சலித்துப் பிசைந்து வைத்திருக்கிற மண். அதில் ஒரு கல் இருக்காது. வாரம் ஒரு வாளி கொடுத்தனுப்புவார்கள். பதிலுக்குப் பழைய ட்யூபை வளையம் வளையமாக நறுக்கிக் கொடுப்போம்; பொம்மை அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்து இறுக்குவதற்கு அவர்களுக்கு அதுதான் தோது.

வண்டியின் மட்கார்டை உள்பக்கம் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். பெரிய டயரைச் சும்மா மாட்டி, அதன் மேல் சாக்பீஸ் தூள் தூவ வேண்டும். இல்லாவிட்டால் மண் டயரோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். மண்ணை இரண்டு விரல் கனத்துக்குத் தட்டி மூன்று இடத்தில் அப்ப வேண்டும்: முன்னால் பம்பர் ஓரம், பின்னால் கால் வைக்கிற படி ஓரம், உள்ளே சேஸ் பக்கம். ஸ்டியரிங்கைக் கடைசி வரை இடப்பக்கம் ஒடி, பிறகு கடைசி வரை வலப்பக்கம். அத்தோடு விட்டால் தப்பு. ஒரு சக்கரத்தை மட்டும் ஓர் அடி மரக்கட்டை மேல் ஏற்றி மறுபடி ஒடிக்க வேண்டும். அதற்கும் மேல், வழக்கமாக ஏறுகிற ஆட்களை எல்லாம் ஏற்றி உட்காரவைத்து இன்னொரு தடவை. அப்புறம் மண்ணைப் பார். டயர் சுரண்டியது போக ஒரு விரல் கனம் மிச்சம் இருந்தால் மாட்டலாம். இல்லாவிட்டால் மேஸ்திரி அந்த மண்ணை அப்படியே பெயர்த்து வண்டிக்காரர் கையில் வைப்பார்.

"உங்க வண்டிதான் சொல்லுது ஐயா. நான் ஒண்ணும் சொல்லலீங்க."

மண்ணோடு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

சரவணா, நீ கேட்டது இத்தோடு முடிந்தது. இங்கே கத்தரித்து மாட்டிக்கொள். இனிமேல் வருவது என் கதை.

எனக்குப் பதினைந்து வருட சர்வீஸ் ஆகியிருந்த ஒரு தை மாதம், மேஸ்திரி கோணாங்குப்பம் மாதா கோயில் திருவிழாவுக்கு மூன்று நாள் லீவில் போயிருந்தார். முதல் நாளே தனபால் ஐயா வந்து இறங்கினார். கம்மாபுரம் பக்கத்துக்காரர். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், மாற்று இடமாகக் கிடைத்த காலனியில் புது வீடு கட்டிக் குடியேறியவர். வந்ததும் முதல் வேலையாக ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கியிருந்தார். எந்த நிலத்திலும் ஓடுகிற வண்டி. ஓட்டத்தான் அவருக்கு நிலம் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. அவரே சொல்லிச் சிரித்தார்.

கூடவே அவருடைய மாப்பிள்ளை குமரேசன். கார்த்திகையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. எங்களுக்கு மண் கொடுக்கிற கம்பெனியில் அச்சு ஊற்றுகிறவன். ட்யூப் வளையம் வாங்கிப்போக அடிக்கடி வருவான், அதனால் எனக்குப் பழக்கம். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான். பொம்மை செய்கிறவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று தனபால் ஐயாவுக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது. அதை அவர் உள்ளூர வைத்துக்கொள்ளவும் இல்லை.

வண்டியில் இருந்தது இருபத்தொன்பது இஞ்சு டயர். அவர் கேட்டது முப்பத்திரண்டு. மேஸ்திரி இல்லாமல் நான் தனியாகச் செய்யப்போகும் முதல் பெரிய வேலை. கழுவினேன், தூள் தூவினேன், மண் அப்பினேன். குமரேசனே மண்ணைத் தட்டிக் கொடுத்தான். அவன் தட்டினால் அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும். கட்டை மேல் ஏற்றினேன், கடையில் இருந்த எல்லோரையும் உள்ளே உட்காரவைத்தேன். ஒரு விரலுக்கு மேலேயே மிச்சம் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அந்த அளவில் கடையில் இருந்தது நாலே டயர். ஐந்தாவதுக்கு ஆர்டர் போட்டால் பத்து நாள் ஆகும். அதற்குள் மேஸ்திரி வந்துவிடுவார், வேலை அவருடையதாகிவிடும்.

தனபால் ஐயா எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். குமரேசன் பின்னால் தொங்கிய பழைய அளவு ஸ்டெப்னியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணே, இதுவும் மாத்தணும்ல? சூளையில ரெண்டு தினுசு மண்ண ஒண்ணா ஒட்டி வச்சா வெடிச்சிடும்ணே."

"இது என்ன பொம்மையா வெடிக்கிறதுக்கு? அவசரத்துக்குத்தானப்பா ஸ்டெப்னி. நாலு போதும்" என்றேன்.

அவன் மேலே பேசவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது ரொம்பச் சௌகரியமாக இருந்தது. வண்டி கடையை விட்டுப் போனபோது பஸ் ஸ்டாண்டு வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மண் ஸ்டெப்னியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

ஐப்பசிக் கடைசி. நாலு நாளாக விடாத மழை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் தனபால் ஐயாவின் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. குமரேசன்தான் வண்டியை எடுத்தான். பின் சீட்டில் மகளும் அவள் அம்மாவும், முன்னால் தனபால் ஐயா. காலனி ரோட்டில் உடைந்த பாலத்துக் கம்பி ஒன்று முன்சக்கரத்தைக் கிழித்துவிட்டது. கொட்டுகிற மழையில் ஸ்டெப்னியை மாட்டினான். அடுத்து சேறு, ஃபோர் வீல் லீவரைத் தள்ளினான். சேற்றில் சக்கரங்கள் வழுக்கி வழுக்கிப் போனதால் எப்படியோ தப்பித்தது. தார் ரோட்டில் ஏறியதும் பிடித்துக்கொண்டது. லீவரை வெளியே எடுக்கப் பார்த்தால் அசையவில்லை. முனகிக்கொண்டே கொஞ்ச தூரம் போன வண்டி, அடியில் 'டமார்' என்று ஒரு சத்தத்தோடு நடுரோட்டில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

பின்னால் வந்த டவுன் பஸ்தான் காப்பாற்றியது. கண்டக்டர் பாதிப் பேரை எழுப்பிவிட்டு நீள சீட்டில் மகளைப் படுக்கவைத்து, எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் பெரியாஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். அந்த பஸ்ஸின் டயர் எனக்குத் தெரியும். பூரி மாதிரி வழவழவென்று இருக்கும். அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு வாரம் கழித்து டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தனபால் ஐயா கடையே அதிரக் கத்தினார். மேஸ்திரி கேட்டு முடிக்கும் வரை நின்றார். பிறகு ஸ்டெப்னியையும் ஒரு பெரிய சக்கரத்தையும் கழற்றச் சொன்னார். கடை வாசல் சிமெண்டில் ஒரு கோடு போட்டு, இரண்டையும் அந்தக் கோட்டில் நிறுத்தி, டயர் தரையைத் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார்.

"கோதண்டா, ரெண்டையும் ஒரே ஒரு சுத்து உருட்டு."

உருட்டினேன். புள்ளி சுற்றி வந்து மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இரண்டுக்கும் கோடு கிழித்தார். குனிந்து, கையை விரித்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் வைத்தார். சரியாக ஒரு சாண்.

"ஒரு சுத்துக்கு ஒரு சாணு ஐயா. ஃபோர் வீல்ல போட்டா முன்னும் பின்னும் ஒண்ணாத்தான் சுத்தணும்னு அடியில இருக்கிற கியர் பெட்டி பூட்டிக்கும். சக்கரம் எல்லாம் ஒரே அளவா இருந்திருந்தா அந்தத் தூரத்துக்குத் தாங்கியிருக்கும். இதுல ஒண்ணு மட்டும் சுத்துக்கு ஒரு சாணு அடம் பிடிக்குது. எவ்ளோ நேரம் தாங்கும்? அஞ்சும் மாத்தியிருக்கணும்."

தனபால் ஐயா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"நாலு போதும்னு எவன் சொன்னான்?"

கடையில் ஐந்தாறு பேர் இருந்தோம். என் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் ஸ்கூலில், வேலை போனால் என்ன செய்வது என்றெல்லாம் பிற்பாடு பல காரணம் கண்டுபிடித்தேன். அந்த நிமிஷத்தில் அதெல்லாம் இல்லை. வெறும் பயம். குமரேசன் என்னைப் பார்த்தான். நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

"நான்தான் மாமா" என்றான் குமரேசன்.

"நெனைச்சேன்!" என்றார் தனபால் ஐயா. அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. கார்த்திகையிலிருந்து தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டதே.

அவர்கள் போன பிறகு மேஸ்திரி கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "வாயில மண்ண அப்பி வச்சிருந்தியா கோதண்டா?" அவ்வளவுதான். வேலையை விட்டுப் போகிற வரைக்கும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் அன்றையிலிருந்து என்னையும் 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

குமரேசனுக்கு 'நாலு டயரு மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்தது. அந்த வீட்டில் வண்டிச் சாவி அதற்கப்புறம் அவன் கைக்குப் போகவில்லை. காதுகுத்து, வளைகாப்பு, எந்தப் பந்தியிலும் தனபால் ஐயா அந்தக் கதையைச் சொல்வார். நான் போயிருந்த ஒரு கல்யாணத்திலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். குமரேசன் இலையில் இருந்த ரசத்துக்கு அணை கட்டிக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மேஸ்திரி காலமாகிவிட்டார். தனியார் கடையில் ரிட்டையர்மெண்டு தேதி ஏது? முழங்கால் முடியாது என்று சொன்ன நாளில் நானும் வீட்டோடு வந்துவிட்டேன். போன மாதம் சரவணன் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு பொண்ணு ஃபோர் வீல் வண்டியோட வந்து நிக்குது. கம்ப்யூட்டர்ல காட்டினா நம்ப மாட்டேங்குது. மண்ணு வச்சுப் பாக்குறவர வரச் சொல்லுங்கன்னு அடம் பிடிக்குது. மண்ணும் அதுவே ஒரு வாளி கொண்டாந்திருக்குது!"

போனேன். பாண்டு சட்டையில் ஒரு பெண், மட்கார்டைக் கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. பெயர் யாழினி. ரிம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கும், பேரிங் தாங்குமா, பிரேக் பிடிக்க எவ்வளவு தூரம் கூடும் என்று வரிசையாகக் கேட்டது. மேஸ்திரி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். எல்லாம் பார்த்து முடித்து, ஒரு விரல் மிச்சம் என்று தெரிந்ததும் நான் வாயைத் திறந்தேன். திறப்பதற்குள் முந்திக்கொண்டது.

"அஞ்சு டயரு போடுங்க தாத்தா."

"அதத்தாம்மா நானும்..."

"இல்ல, நீங்க நாலு போதும்பீங்களாம். அப்பா சொன்னாங்க. அந்த அண்ணன் அப்படித்தான் சொல்லுவாரு, அஞ்சுன்னு நீயே முந்திச் சொல்லிடுன்னு."

கையிலிருந்த மண்ணை வாளியில் போட்டேன். "அப்பா பேரென்னம்மா?"

"குமரேசன். வெளிய மரத்து நெழல்ல உக்காந்திருக்காங்க. உள்ள வரலேன்னுட்டாங்க."

குமரேசன் இப்போது சொந்தமாகச் சூளை வைத்திருக்கிறான். தலை பாதி நரைத்திருந்தது. நான் போய் அவன் முன்னால் நின்றேன். "மாப்பிள்ளே, அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும். நாலு போதும்னது நான்" என்றேன்.

"எனக்குத் தெரியாதாண்ணே? எங்கிட்டத்தான சொன்னீங்க?" என்றான். சிரிக்கவில்லை. "அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். சரி, நம்ம மாமாதான, ரெண்டு நாள் திட்டுவாருன்னு நெனைச்சேன். இப்படி வருசக்கணக்கா இழுக்கும்னு யாரு கண்டா? சொல்லணும்னு இருந்தா அங்க போயி சொல்லுங்க. பொண்ணு கல்யாண வயசுக்கு வந்துடுச்சு. சம்பந்தி வர்றவங்க முன்னாடியும் அவரு இதத்தான் சொல்லப் போறாரு."

மறுநாள் காலை பஸ் ஏறிக் காலனிக்குப் போனேன். தனபால் ஐயாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. ஆதியோடந்தமாகச் சொன்னேன். மேஸ்திரி இல்லாதது, கடையில் நாலே டயர் இருந்தது, குமரேசன் கேட்டது, நான் சொன்னது, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை அனுப்பிச்சானா?"

"இல்லீங்க ஐயா. சத்தியமா நான்தான்..."

"உங்கள எனக்குத் தெரியாதா கோதண்டம்? மண்ணு வச்சு, கட்டையில ஏத்தி, ஆள ஏத்தி, அவ்ளோ சுத்தமா வேல பாத்த மனுஷன் நாலு போதும்னு சொல்லுவீங்களா? அவனுக்கு இப்ப சம்பந்தி வர நேரம், மானம் போவுது. அதுக்காவ இந்த வயசுல பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டு வூடு தேடி வந்திருக்கீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, டீ போடு! அந்த நாலு டயரு மாப்பிள்ளைக்காவ ஒரு நல்ல மனுஷன் பொய் சொல்ல வந்திருக்காரு!"

டீ வந்தது. குடித்தேன். வேறு என்ன செய்ய?

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் முந்தின நாள் கடையில் சரவணன் கேட்ட அந்த ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. தனபால் ஐயா இப்போதும் மாதம் ஒருதடவை காற்றுப் பிடிக்க வண்டியோடு கடைக்கு வருகிறாராம். இந்த மாதம் ஓட்டிவந்தது பேத்தி யாழினியாம். காற்றுப் பிடித்து முடிகிற வரைக்கும் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டர், விலைப்பட்டியல், சாமி படம் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பாராம். அச்சில் இருப்பதை நம்புகிற மனிதர்.

அதனால் சரவணா, மேலே கத்தரிக்கச் சொன்னேன் இல்லையா? கத்தரிக்காதே. முழுவதையும் அச்சடித்து மாட்டு. ஃப்ரேம் எவ்வளவு பெரிதானாலும் பரவாயில்லை, உரசாது. கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடு:

தனபால் ஐயா, நாலு போதும் என்று சொன்னது கோதண்டம். உங்கள் மாப்பிள்ளை ஐந்து கேட்டார்.